கைரேகைப் பட்டன் பழுதானால்

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையை விட்டுப் பெரியபாளையம் சாலை பிரிகின்ற புதுவாயலிலும், அதையடுத்த கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளிலும், ஆலையில் ஷிப்ட் முடிந்து வருகிற தொழிலாளர்களுக்குச் சம்பளம் வந்ததா என்று பார்ப்பதும், ஊருக்குப் பணம் அனுப்புவதும், பிள்ளைகளின் முகத்தைக் காண்பதும் கைபேசி ஒன்றினாலேயே நடந்தேறுவதால், அதைத் திறக்கும் கைரேகைப் பட்டன் பழுதாகிவிட்டால் அவர்கள் அடைகிற கலக்கம் அற்பமானதன்று. அந்தக் கலக்கத்தில் முதலில் தென்படும் சர்வீஸ் கடையில் போனை நீட்டி, "எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்கண்ணே" என்று சொல்லிவிடுவது இயல்புதான். ஆயினும் இந்தப் பட்டன், பேட்டரியையும் ஸ்பீக்கரையும் போல எடுத்து மாற்றிவிடக்கூடிய சாமான்யமான பாகம் அன்று என்பதையும், போனைத் திறப்பதற்கு முன்பே அந்த விஷயத்தை எடுத்துச் சொல்லவேண்டிய கடமை கடைக்காரருக்கு உண்டு என்பதையும் நாம் அறிந்திருப்பது அவசியம்.

பழுது பட்டனில்தானா என்பதையே முதலில் பரிசோதிக்க வேண்டும். விரல் நுனியிலுள்ள மேடும் பள்ளமும் உண்டாக்கும் நுண்ணிய மின்வேறுபாட்டைக் கொண்டே இவ்வகைப் பட்டன் ரேகையை அறிகிறது. லேத்திலும் வார்ப்பு ஆலையிலும் வேலை செய்கிறவரின் கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மேடுகள் தேய்ந்து வழவழத்திருப்பதும், பள்ளங்களில் கிரீஸின் கருமை எத்தனை சோப்புப் போட்டும் போகாமல் படிந்திருப்பதும் தெரியும். அத்தகைய விரலை நல்ல பட்டனும் ஏற்காமல் போகலாம். ஆகவே பட்டனை உலர்ந்த துணியால் துடைத்து, பழைய ரேகையை நீக்கிவிட்டு, அதிகம் உழைக்காத இடக்கை மோதிரவிரலைப் பதிந்து பார்ப்பது செலவில்லாத வைத்தியம். திரைக்கடியிலேயே ரேகை பார்க்கும் போன்களில் புதிதாக ஒட்டிய டெம்பர் கிளாஸே தடையாக இருப்பதும் உண்டு.

உண்மையாகவே பட்டன் கெட்டிருந்தால், அதன் அமைப்பைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். 2013-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 5எஸ் மாதிரியில் கைரேகைப் பட்டனைக் கொண்டுவந்தபோது, பட்டனையும் போனின் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சில்லையும் ஓர் இரகசியச் சாவியால் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டது. கள்ளப் பட்டன் ஒன்றைப் பொருத்திப் பிறர் போனைத் திறந்துவிடக் கூடாது என்பது அதன் உத்தேசம், அது நியாயமானதே. ஆனால் அதன் விளைவாக, மூலப் பட்டன் கெட்டபின் வெளிக்கடையில் வேறொரு பட்டனைப் போட்டால் ரேகை வேலை செய்வதில்லை. டிஸ்ப்ளே உடைந்து மாற்றும்போது, பழைய கண்ணாடியிலுள்ள பட்டனையும், காகிதம்போல் மெலிந்த அதன் ஃபிளெக்ஸ் பட்டையையும் இளஞ்சூடு காட்டிப் பதமாகப் பெயர்த்துப் புதிய கண்ணாடியில் பொருத்துவதே கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை. அவசரத்தில் அந்தப் பட்டை கிழிந்தால், நஷ்டம் ஒரு பட்டனின் விலையோடு நிற்பதில்லை.

இதனால் விளைந்த பெரும் வழக்கு ஒன்று உண்டு. வெளிக்கடையில் பழுது பார்த்த ஐபோன்கள் பல, மென்பொருளைப் புதுப்பித்தவுடன் 'பிழை 53' என்று காட்டி ஜடமாகிவிட, 2016 பிப்ரவரியில் ஆப்பிள் மன்னிப்புக் கோரி, போன்களை மீட்கும் வழியை வெளியிட்டது. அப்போதும் மாற்றுப் பட்டன்களில் ரேகை வசதி திரும்பவில்லை. ஆஸ்திரேலியாவில் குறைந்தது 275 பேரிடம், வெளியார் கைபட்டதால் இனி உங்களுக்குப் பரிகாரம் இல்லை என்று அந்த நிறுவனம் சொல்லியிருந்தது. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில், 2018 ஜூனில் மத்திய நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பழுது பார்த்துக்கொண்ட குற்றத்துக்காக ஒருவருடைய உரிமை அற்றுப்போகாது என்று ஒரு நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது எனக்கு மிகுந்த ஆறுதல் தருகிற செய்தி.

ஆண்ட்ராய்டு போன்களில் நிலைமை மாதிரிக்கு மாதிரி வேறுபடும். முதுகிலோ பவர் பட்டனிலோ ரேகை பார்ப்பவற்றுள் பலவற்றில் அதே மாதிரிக்குரிய பாகத்தைப் பொருத்தினால் போதும். திரைக்கடியில் உள்ளவற்றிலோ, பாகத்தை மாற்றியபின் நிறுவனத்தின் மென்பொருளால் அளவு சரிசெய்தாலொழிய ரேகை ஏறாதவை உண்டு.

நம் நாட்டில் 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தெரிந்திருந்தும் முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாடு என்றும், ரசீது தராமலிருப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும் வகுத்துள்ளது. ஆதலால் போனைக் கொடுக்கும்போதே, இருக்கிற பழுது இன்னது, ரேகை திரும்புமா திரும்பாதா, போடுகிற பாகம் ஒரிஜினலா டூப்ளிகேட்டா, கூலி எவ்வளவு, எத்தனை நாள் உத்தரவாதம் என்பவற்றை ஐஎம்இஐ எண்ணோடு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி இருந்தால் முதலில் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே செல்லுங்கள். கழற்றிய பழைய பட்டனைக் கேட்டுப் பெறுங்கள். ஐபோனாக இருந்தால், அதனோடு பிணைந்த பட்டன் உலகத்தில் அது ஒன்றுதான்.

ரேகையைப் பற்றிய ஓர் அச்சத்தை நீக்கிவிடலாம். அது பட்டனில் தங்குவதில்லை, போர்டிலுள்ள பாதுகாப்பான பகுதியிலேயே இருக்கிறது. கழற்றிய பட்டனிலிருந்து அதை யாரும் எடுத்துவிட முடியாது. மெய்யான அபாயம் வேறு: "செக் பண்ணணும், பின் நம்பர் சொல்லுங்க" என்று கேட்டவுடன் நாம் சொல்லிவிடுகிற எண். படங்களும் வங்கிச் செயலிகளும் அந்த எண்ணுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. கூடியவரை உடனிருந்து நீங்களே திறந்து காட்டுங்கள். சாம்சங் 2022-இல் கொண்டுவந்ததைப் போன்ற, சொந்தத் தகவல்களை மறைத்துவைக்கும் பராமரிப்பு முறை உங்கள் போனில் இருந்தால், அதைப் போட்டுவிட்டுக் கொடுங்கள். விரலை மட்டுமே நம்பிப் பின் எண்ணை மறந்துவிட்டவர், போன் திறக்கிறபோதே படங்களை வேறிடத்தில் சேமித்துவிட வேண்டும். எண் நினைவில்லாவிட்டால் முழுவதையும் அழித்தபின்பே போனைப் பயன்படுத்த முடியும்.

நஷ்டம் நேர்ந்துவிட்டால், முதலில் கடைக்காரரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கிற அல்லது வேலை செய்கிற இடத்திலேயே வழக்குத் தொடுக்கவும், இணைய வழியே மனுவை அனுப்பவும், காணொளி மூலம் விசாரிக்குமாறு கோரவும் சட்டம் இடமளிப்பதால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை இழக்கவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. பணமே பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். 1915-இல் தமிழில் மட்டுமன்றி ஒடியா, வங்காளம், மைதிலி, இந்தி ஆகிய மொழிகளிலும் புகார் சொல்லலாம் என்பதை, உங்கள் லைனில் வேலை செய்யும் வெளிமாநிலத் தோழருக்கும் தெரிவியுங்கள்.