மடிக்கணினிச் செயலிகளின் வேகமும் வெப்பமும்: உற்பத்தியாளர் விதிக்கும் வரம்புகள்

திறவுச்சொற்கள்: செயலி, கடிகார வேகம், மின்திறன் வரம்பு, வெப்பம், நிலைப்பொருள்

முன்னுரை

மடிக்கணினி வாங்குவோர் விளம்பரத்தில் முதலில் காண்பது செயலியின் பெயரும் அதனையடுத்து அச்சிடப்பெறும் கிகாஹெர்ட்ஸ் எண்ணுமே ஆகும். அவ்வெண் செயலிக்கே உரிய மாறாப் பண்பு என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. உண்மையில் ஒரே பெயருடைய செயலி இருவேறு மடிக்கணினிகளில் இருவேறு வேகங்களில் இயங்குதல் இயல்பு. நீண்ட நேரப் பணியில் அது எவ்வேகத்தில் இயங்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்பவர் செயலியைச் செய்தவர் அல்லர், மடிக்கணினியை வடிவமைத்தவரே. அம்முடிவு எவ்வாறு செயற்படுகிறது, வாங்குபவர் அதனை எந்த அளவிற்கு அறிய முடிகிறது என்பன இக்கட்டுரையில் விளக்கப்பெறுகின்றன.

மின்திறனும் வரம்புகளும்

செயலி இயங்கும்போது செலவிடும் மின்திறன் கடிகார வேகத்திற்கும் மின்னழுத்தத்தின் இருபடிக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. வேகத்தை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருப்பதால் செலவு பன்மடங்காகிறது. இரண்டும் 10 விழுக்காடு உயர்ந்தால் மின்திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு உயரும். அது முழுவதும் வெப்பமாகவே வெளியேற வேண்டும். மேசைக் கணினியில் அதற்கு இடமுண்டு. மெல்லிய மடிக்கணினியில் இல்லை.

இன்டெல் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட கோர் ஐ7-8550யூ செயலி இதற்குத் தக்க சான்றாகும். இதன் அடிப்படை வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 4.0 கிகாஹெர்ட்ஸ், மின்திறன் 15 வாட். எனினும் இதனை 25 வாட்டிற்கு உயர்த்தி 2.0 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்திலோ, 10 வாட்டாகக் குறைத்து 0.8 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்திலோ அமைத்துக்கொள்ள மடிக்கணினி உற்பத்தியாளருக்கு இன்டெல் இடமளித்தது. மூன்று அமைப்புகளுக்கும் பெயர் ஒன்றே.

2011-இல் வெளிவந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை முதல், இன்டெல் செயலிகள் தாம் செலவிடும் மின்திறனைத் தாமே கணித்து வரம்பிற்குள் நிறுத்திக்கொள்கின்றன. நீடித்த வரம்பு, குறுங்கால வரம்பு, கால அளவு ஆகிய மூன்று மதிப்புகளைக் கணினி தொடங்கும்போதே நிலைப்பொருள் எழுதிவிடுகிறது. பணி தொடங்கியதும் செயலி குறுங்கால வரம்பு வரை பாய்கிறது; சராசரி மின்திறன் நீடித்த வரம்பைத் தொட்டவுடன் வேகம் இறங்குகிறது. கால அளவு 28 விநாடி என அமைந்த மடிக்கணினிகள் பல. அரை நிமிடத்தில் முடியும் சோதனை ஓட்டம் இப்பாய்ச்சலை மட்டுமே காட்டும். பழைய நூல்களின் வருடுபடங்களை எழுத்துணரி கொண்டு மணிக்கணக்கில் மாற்றும் ஆய்வாளருக்குக் கிட்டுவதோ நீடித்த வரம்பின் வேகமே.

தோல் தாங்கும் வெப்பம்

வரம்பு விதிப்பதே தவறு என வாதிடுதல் பொருந்தாது. மேற்குறித்த செயலியின் சில்லு 100 பாகை செல்சியசு வரை தாங்கக்கூடியது. மனிதத் தோல் அவ்வாறன்று. 44 பாகை வெப்பமே ஏறத்தாழ 6 மணி நேரம் தொடர்ந்து பட்டால் தோல் புண்படும் என மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் ஆகியோர் 1947-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மடிக்கணினியைத் தொடைமீது வைத்து விளையாடிவந்த 12 வயதுச் சிறுவனின் தோலில் வலைப்பின்னல் போன்ற நிறமாற்றம் ஏற்பட்டதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2010-இல் பதிவு செய்துள்ளனர். எனவே சிக்கல் வரம்பில் இல்லை. அதனை யார், எவருக்கும் தெரியாமல், எந்த அளவில் வைக்கிறார் என்பதிலேயே உள்ளது.

வரம்பு பிழைத்த இரு நிகழ்வுகள்

ஆப்பிள் நிறுவனம் 2018 ஜூலையில் வெளியிட்ட 15 அங்குல மேக்புக் ப்ரோவில் ஆறு உள்ளகங்களைக் கொண்ட கோர் ஐ9 செயலியைத் தெரிவு செய்ய முடிந்தது. அதன் அடிப்படை வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 4.8 கிகாஹெர்ட்ஸ். காணொளி விமரிசகர் டேவ் லீ நடத்திய சோதனையில், கடும் பணியின்போது அச்செயலி அடிப்படை வேகத்திற்கும் கீழே இறங்கியது. முந்தைய ஆண்டின் மாதிரியைவிட மெதுவாகப் பணியை முடித்தது. கணினியை உறைபெட்டிக்குள் வைத்து இயக்கியபோது வேகம் மீண்டது. ஜூலை 24 அன்று ஆப்பிள் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. வெப்ப மேலாண்மைக்குரிய எண்ணிமத் திறவுகோல் ஒன்று நிலைப்பொருளில் விடுபட்டிருந்ததே காரணம் என விளக்கமும் அளித்தது. ஒரு திருகாணியையும் தொடாமல் மென்பொருளால் மட்டுமே வேகம் மாறியது என்பது இங்குக் கருதத்தக்கது.

லெனோவோவின் திங்க்பேட் வரிசையில் நிகழ்ந்தது வேறுவகை. டி480 உள்ளிட்ட மாதிரிகளில் லினக்ஸ் நிறுவியவர்கள், செயலி 80 பாகையிலேயே வேகத்தை இழப்பதைக் கண்டனர். உயர்ந்த வரம்புகளைச் செயலியின் பதிவகங்களில் மீண்டும் மீண்டும் எழுதும் நிரல் ஒன்றைப் பயனர்களே உருவாக்கித் திறமூலமாக வெளியிட்டனர். பின்னர், கணினி மேசைமீது உள்ளதா மடிமீது உள்ளதா எனத் திங்க்பேட் உணர்ந்ததைப் பயனர் அறியும் வசதி 2020-இல் லினக்ஸ் கருவகத்தில் சேர்ந்தது. வரம்பு அப்படியே நீடித்தது; அதன் காரணம் பயனருக்குத் தெரியவந்தது. இம்மாற்றம் சிறிதெனினும் முதன்மையானது.

மூடப்பட்ட வழி

மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்து, அதே வேகத்தைக் குறைந்த வெப்பத்தில் பெறுவது பயனர்கள் கைக்கொண்ட மற்றொரு வழியாகும். பர்மிங்காம், கிராட்ஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்னும் தாக்குதலை வெளிப்படுத்தினர். மின்னழுத்தத்தைத் திட்டமிட்டுக் குறைத்துக் கணிப்பில் பிழை உண்டாக்கி, செயலியின் பாதுகாக்கப்பட்ட பகுதியிலுள்ள மறைகுறிகளைக் கைப்பற்ற முடியும் என அவர்கள் நிறுவினர். அதன் விளைவாக மின்னழுத்த மாற்றத்தைப் பூட்டும் நிலைப்பொருள் திருத்தங்கள் வெளிவந்தன. பாதுகாப்பு நோக்கில் அது முறையே. ஆயினும் தம் கணினியின் வெப்பத்தைத் தாமே தணித்துக்கொண்ட பலர், விலைகொடுத்து வாங்கிய பின்னர் அவ்வுரிமையை இழந்தனர்.

பன்னிரண்டாம் தலைமுறை முதல் இன்டெல் தன் விவரப் பட்டியலில் அடிப்படை மின்திறனையும் உச்ச மின்திறனையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. எடுத்துக்காட்டாக, கோர் ஐ7-1260பி செயலிக்கு அவை முறையே 28 வாட், 64 வாட். முந்தைய ஒற்றை எண்ணைவிட இது நேர்மையானது. எனினும் இவை செயலிக்குரிய எண்களே. குறிப்பிட்ட ஒரு மடிக்கணினி அவ்விரண்டிற்கும் இடையே எங்கு நிற்கிறது என்பதைக் கூறும் எண்ணை உற்பத்தியாளர் அறிவார். அவரே அதனை நிலைப்பொருளில் எழுதியவர். கடையில் நிற்பவர் கையிலுள்ள விவரத்தாளில் பெரும்பாலும் அது இடம்பெறுவதில்லை.