நிலம் விற்றால் வரி உண்டா?

"விவசாயத்துக்கு வரியே கிடையாது." பலரும் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது பாதிதான் உண்மை. விளைச்சலில் வரும் வருமானத்துக்கு மத்திய அரசு வருமான வரி போடுவதில்லை. ஆனால் நிலத்தையே விற்றால்?

1970-க்கு முன் எந்த விவசாய நிலத்தை விற்றாலும் இந்த வரி இல்லை. அந்த ஆண்டில் சட்டம் மாறியது. நகரத்துக்கு உள்ளேயும் பக்கத்திலும் இருக்கும் நிலத்துக்கு வரி வந்தது. காரணம் என்ன? நகரம் வளர்கிறது. சாலை வருகிறது. நிலத்தின் விலை பல மடங்கு ஏறுகிறது. இந்த ஏற்றம் ஏர் பிடித்ததால் வந்ததல்ல. அதில் ஒரு பங்கை அரசு கேட்கிறது. கேட்பது நியாயம்தான். ஆனால் விவரம் தெரியாமல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் நமக்குத்தான் நஷ்டம்.

உங்கள் நிலம் எங்கே இருக்கிறது? இதுதான் முதல் கேள்வி. நகராட்சி அல்லது மாநகராட்சி எல்லையிலிருந்து தூரத்தை அளப்பார்கள். அந்த ஊரில் 10 லட்சம் பேருக்கு மேல் இருந்தால் 8 கி.மீ. வரை வரி உண்டு. 1 லட்சத்துக்கு மேல், 10 லட்சம் வரை என்றால் 6 கி.மீ. 10,000-க்கு மேல், 1 லட்சம் வரை என்றால் 2 கி.மீ. இதற்கு அப்பால் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் இந்த வரி இல்லை.

பெங்களூரை எடுத்துக்கொள்ளுங்கள். அது 10 லட்சத்துக்கும் மிகப் பெரிய நகரம். மாநகராட்சி எல்லையிலிருந்து 7 கி.மீ. தூரத்தில் அண்ணனுக்கு ஒரு ஏக்கர். 9 கி.மீ. தூரத்தில் தம்பிக்கு ஒரு ஏக்கர். பக்கத்தில் வேறு நகராட்சி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ராகிதான் விதைக்கிறார்கள். விற்றால் அண்ணனுக்கு வரி உண்டு. தம்பிக்கு இல்லை.

தூரத்தை நேர்கோட்டில் அளக்க வேண்டும். 2013-ல் வந்த திருத்தம் இது. சாலை வளைந்து வளைந்து 10 கி.மீ. போகலாம். நேர்கோட்டில் அது 7 கி.மீ. ஆக இருக்கலாம். "பஸ்ஸில் போனால் எவ்வளவு தூரம் தெரியுமா?" என்று சொல்லித் தப்ப முடியாது.

வரி எவ்வளவு? விற்ற பணம் முழுவதற்கும் இல்லை. லாபத்துக்கு மட்டும். அண்ணனின் நிலம் அப்பா வழியில் வந்த பழைய நிலம். 2001 ஏப்ரல் 1 அன்று அதன் மதிப்பு 2 லட்சம். இப்போது 42 லட்சத்துக்கு விற்கிறார். லாபம் 40 லட்சம். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த நிலம் என்பதால் வரி 12.5 சதவீதம். ஏறக்குறைய 5 லட்சம் ரூபாய். செஸ் தனி.

இதைக் குறைக்கவும் வழி உண்டு. விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் அவரோ அவர் அப்பா அம்மாவோ அங்கே பயிர் செய்திருக்க வேண்டும். விற்ற இரண்டு ஆண்டுக்குள் அவர் வேறு விவசாய நிலம் வாங்க வேண்டும். 40 லட்சத்துக்கும் வாங்கினால் வரி இல்லை. 25 லட்சத்துக்கு வாங்கினால் மீதி 15 லட்சத்துக்குத்தான் வரி. புது நிலத்தை மூன்று ஆண்டுக்கு விற்கக் கூடாது. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் நிலம் வாங்க முடியவில்லையா? பணத்தை இதற்கென்று வங்கியில் உள்ள தனிக் கணக்கில் போட வேண்டும். வீட்டில் வைத்திருந்தால் இந்தச் சலுகை போய்விடும்.

இனி தம்பியின் கதை. தரகர் வருகிறார். "உங்கள் பேரிலேயே நிலத்தை வீட்டுமனையாக மாற்றிவிடுங்கள். நல்ல விலைக்கு விற்கலாம்" என்கிறார். விலை கூடும், உண்மைதான். ஆனால் மாற்றுவதற்கு மாநில அரசுக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மாற்றிய பிறகு அது விவசாய நிலம் என்று வரி அதிகாரியை நம்பவைப்பது கடினம். 9 கி.மீ. தூரத்தில் இருந்தாலும் வரி வரலாம். மனை மனையாகப் பிரித்து விற்றால் அதை வியாபாரம் என்றே கணக்கிடலாம். அப்போது வரி இன்னும் கூடலாம். நிலத்தை நிலமாகவே விற்றிருந்தால் தம்பிக்கு ஒரு பைசா வரி இல்லை. தரகர் இதைச் சொல்ல மாட்டார்.

அரசே சாலைக்கோ வேறு வேலைக்கோ நிலத்தை எடுத்தால் நிலை வேறு. 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டப்படி கிடைக்கும் இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை.

பேரம் பேசும் முன்பே தாசில்தார் அலுவலகத்தில் தூரத்தைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். என்ன பயிர் செய்தீர்கள் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவின் நகலையும் வாங்கி வையுங்கள். விலையைப் பத்திரத்தில் குறைத்து எழுதச் சம்மதிக்காதீர்கள். வரி வரும் நிலம் என்றால் அரசு மதிப்பை வைத்தே கணக்கிடுவார்கள். பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள்.