திரைக்கு முன் போட்ட கையெழுத்து சித்தூரில் செல்லுமா?

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிவிட்டார்கள். அவர்கள் பெயரிலுள்ள வீடும் நிலமும் சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கின்றன. அவற்றை விற்க வேண்டுமானால் அவர்கள் ஊரிலுள்ள ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதித் தர வேண்டும். "இணையம் வழியாகவே நோட்டரி கையெழுத்து வாங்கி அனுப்பிவிடலாமே?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இது குறித்து நான் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் 2012ஆம் ஆண்டிலேயே இம்முறையைத் தொடங்கியது. கொரோனா பரவிய 2020க்குப் பிறகு மேலும் பல மாநிலங்கள் அனுமதித்தன. கையெழுத்திடுபவர் கேமரா முன் அமர்ந்து அடையாள அட்டையைக் காட்டுவார். நோட்டரி வேறோர் ஊரில் இருந்தபடியே அவரைப் பார்த்துப் பேசி, கணினியில் முத்திரை வைப்பார். முடிவில் கிடைப்பது ஒரு மின்னணுக் கோப்பு. அந்த நாட்டுக் காரியங்களுக்கு அது பயன்படும். சிக்கல் நம் ஊருக்கு வரும்போதுதான்.

நமது பதிவுச் சட்டம் 1908ஆம் ஆண்டினது. வெளிநாட்டில் இருப்பவர் எழுதும் பவர் பத்திரம் அங்குள்ள நோட்டரி, நீதிபதி அல்லது இந்தியத் தூதரக அதிகாரி ஆகியோரில் ஒருவர் முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும் என்கிறது அதன் 33ஆவது பிரிவு. திரையில் தெரிவது 'முன்னிலை' ஆகுமா என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அடுத்தது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். மின்னணுக் கையெழுத்துக்கு மதிப்பளிக்கும் அச்சட்டமே, பவர் பத்திரத்தையும் உயிலையும் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. 2022இல் வந்த திருத்தம் வங்கி போன்ற நிதி நிறுவனங்களுக்குத் தரும் பவருக்கு மட்டும் வழிவிட்டது. அண்ணன் தம்பிக்கு எழுதும் நிலப் பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இந்த விவரம் தெரியாமல், இணையத்தில் வந்த கோப்பை அச்செடுத்துப் பதிவுக்குக் கொண்டுபோயிற்று. அசல் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதுப் பத்திரம் வந்து சேர்வதற்குள் ஒப்பந்தக் கெடு முடிந்துவிட்டது. வாங்குபவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். அந்தப் பணமோ அதற்குள் தகப்பனாரின் மருத்துவச் செலவுக்குப் போய்விட்டிருந்தது.

ரயில்வேயில் ஒற்றைப் பாதையில் டோக்கன் முறை உண்டு. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் போனில் "லைன் கிளியர்" என்று சொன்னால் மட்டும் போதாது. டோக்கன் கைக்கு வந்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். பத்திரப் பதிவிலும் அசல் காகிதம்தான் டோக்கன்.

சரியான வழி இதுதான். பத்திரத்தைக் காகிதத்தில் எழுதி, இந்தியத் தூதரகத்தில் சான்று பெறலாம். அல்லது அங்குள்ள நோட்டரி முன் நேரில் கையெழுத்திட்டு, அந்த நாட்டு அரசின் 'அப்போஸ்டில்' முத்திரையும் பெறலாம். இதற்கான ஹேக் உடன்படிக்கை இந்தியாவில் 2005 முதலும், சிங்கப்பூரில் 2021 முதலும், கனடாவில் 2024 முதலும் அமலில் உள்ளது. அமெரிக்காவும் பிரிட்டனும் முன்பே சேர்ந்தவை. சர்வே எண், அளவு, எல்லைகள், இன்ன காரியத்துக்கான அதிகாரம் என்று எல்லாவற்றையும் தெளிவாக எழுத வேண்டும். பவர் பத்திரத்தையே விற்பனைப் பத்திரமாக எண்ணிவிடக் கூடாது. அதனால் சொத்துரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது.

அசல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இது 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் விதி. இதற்குச் சொத்து இருக்கும் பகுதிக்குரிய மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தை அணுக வேண்டும். தபால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். வந்த தேதிக்கு அதுவே சாட்சி.

ஊரிலேயே இருக்கும் பெரியவர் பவர் எழுதுவதானால் சார்பதிவாளர் முன்னிலையில் எழுத வேண்டும். நடமாட முடியாதவர் என்றால் விண்ணப்பம் கொடுத்து, அதிகாரியை வீட்டுக்கே வரவழைக்க அதே 33ஆவது பிரிவு இடம் தருகிறது. நோயாளியை ஆட்டோவில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் இப்படித்தானா என்றால், இல்லை. என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களின் உயிர்வாழ்ச் சான்று 2014 முதல் 'ஜீவன் பிரமாண்' மூலம் மின்னணு முறையில் தரப்படுகிறது. 2021 முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டினாலே போதும். 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்பதை ஆதாரைக் கொண்டு சரிபார்த்துவிடலாம். ஆனால் 'என் சொத்தை இவர் விற்கலாம்' என்பது வேறு விஷயம். அதில் ஏமாற்று நடந்தால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துவிடும்.

ஆகவே, முன்பணம் வாங்குவதற்கு முன் பத்திரத்தின் நகலை ஊர் வழக்கறிஞரிடமும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் காட்டிக் கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் அதன் பிறகு கையெழுத்திட்டால் போதும்.