வயிற்றுப்போக்கும் வடிகஞ்சியும்

செய்யாற்றங்கரையில் திருமாகறலீசுவரர் கோயிலைச் சூழ்ந்து அமைந்த மாகறலும், அதனை அடுத்த உத்திரமேரூர் வட்டாரச் சிற்றூர்களும் நெல் விளையும் ஊர்கள். இங்கு வடிகஞ்சி அரிய பொருளன்று. உலையில் சோறு வெந்ததும் பானையைச் சாய்த்து வடிக்கின்ற வீடுகளில் அது நாள்தோறும் கிடைக்கிறது. ஆயினும் குழந்தைக்குப் பேதியாகும் நாளில் அந்தக் கஞ்சி மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது. குழந்தையோ நாவறண்டு கிடக்கிறது. “தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வயிறு காயட்டும்” என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். அந்த அன்பு குழந்தைக்குத் தீங்காக முடியும். வயிற்றுப்போக்கில் உயிருக்கு ஊறு செய்வது பெரும்பாலும் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதுதான். போகின்ற நீரை வாய்வழியே திரும்பக் கொடுப்பதே முதல் மருத்துவம்.

அரிசியிலிருந்து நம் வீடுகளில் மூன்று வகை நீர் கிடைக்கிறது. அரிசி களைந்த கழுநீர் வேகாதது. தூசும் கிருமியும் கலந்தது. அதனை நோயாளிக்குக் கொடுத்தல் ஆகாது. பழைய சோற்றில் ஊறிய நீராகாரம் நலமுள்ளவர்களுக்கு நல்ல காலையுணவு. ஆனால் இரவு முழுதும் ஊறியதாகையால், பேதியால் தளர்ந்த சிறு குழந்தைக்கு அது வேண்டாம். அரிசி கொதித்து வெந்தபின் வடிக்கும் வடிகஞ்சியே நாம் இங்குப் பேசுவது.

அது எவ்வாறு பயன்படுகிறது? பேதியால் குடல் நலிந்திருக்கும்போதும், சர்க்கரையின் சிறு கூறாகிய குளுக்கோசும் உப்பும் சேர்ந்தே குடற்சுவரைக் கடந்து செல்லும் வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. அவை செல்லும்போது நீரும் உடன் செல்கிறது. வடிகஞ்சியிலுள்ள மாவுப்பொருள் செரித்துச் சிறிது சிறிதாகக் குளுக்கோசாக மாறுகிறது. உப்பு இல்லாத கஞ்சியில் இந்த இணையின் ஒரு பாதி இல்லை. உப்பிடாமல் கொடுத்துவிட்டு, “கஞ்சி கொடுத்தும் கேட்கவில்லை” என்று வருந்துவோர் பலர். மறுபுறம், சர்க்கரை மிகுந்த குளிர்பானங்களும் அட்டைப்பெட்டிப் பழச்சாறுகளும் உடலின் நீரையே குடலுக்குள் இழுத்துப் பேதியைப் பெருக்கக்கூடும். அவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

வடித்த கஞ்சி இருந்தால், அது கெட்டியாக இல்லாமல் குடிக்கும் பதத்தில் இருக்கட்டும். ஒரு லிட்டருக்கு 3 கிராம் உப்பு, அதாவது 5 மில்லி தேக்கரண்டியில் தலைதட்டிய அரைக் கரண்டித் தூளுப்பு போதும். கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால் அளவு பிறழும். பொடித்தே அளக்க வேண்டும். கலந்தபின் நாமே ஒரு வாய் சுவைத்துப் பார்க்கலாம். கண்ணீரைவிட உவர்ப்பாக இருந்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். உப்பு மிகுவது குறைவதினும் கொடிது. சோறு வேகும்போதே உலையில் உப்பிடும் வீடுகளில் மேலும் உப்புச் சேர்க்கலாகாது. அன்று உப்பிடாமல் வடித்து, பின்னர் அளந்து கலப்பதே நன்று.

குக்கரில் சமைக்கும் வீடுகளில் வடிக்கும் பேச்சே இல்லை. அவர்கள் 50 கிராம் நொய்யரிசியைக் கழுவி, ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீரில், மணி உடைந்து கரையும்வரை கொதிக்கவிட்டு, மசித்து வடிகட்டி, கொதித்து ஆறிய நீரால் ஒரு லிட்டராக்கி உப்பிடலாம். பச்சரிசியா புழுங்கலா என்று கேட்கிறார்கள், எதுவாயினும் சரி. காலையில் செய்ததை மாலைக்கு வைக்க வேண்டாம். வெந்த அரிசியும் அதன் நீரும் வெப்பத்தில் விரைவில் கெடும். ஆறு மணி நேரத்திற்குமேல் எஞ்சியதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுக.

ஒவ்வொரு முறை பேதியானபின்னும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, இரண்டு முதல் பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு விரும்பும் அளவு. குழந்தை வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்திற்கு ஒரு கரண்டி வீதம் மெல்ல ஊட்டலாம். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது; கஞ்சி உணவுக்கு ஈடன்று.

1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மகலானபிஸ் குளுக்கோசும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. பின்னர் அரிசிமாவும் இத்தகைய கரைசலுக்குள் வந்தது. நம் அண்டை ஊராகிய வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகளிடம் வழக்கமான கரைசலையும், அரிசிமாவு சேர்த்ததையும், எளிதில் செரியாத மாவுப்பொருள் சேர்த்ததையும் ஒப்பிட்டு 2000-இல் முடிவுகளை வெளியிட்டனர். செரியாத மாவுப்பொருள் சேர்த்தவர்களுக்குப் பேதி விரைவில் நின்றது. அது பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து, உப்பையும் நீரையும் உறிஞ்சத் துணைசெய்கிறது என்பதே அதன் விளக்கம்.

இவ்வளவு சொன்னபோதிலும், வீட்டுக் கஞ்சியை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்திற்கு மாற்றாக நாங்கள் கூறவில்லை. பொட்டலத்திலுள்ள பொட்டாசியமும் சிட்ரேட்டும் போதிய அளவில் வடிகஞ்சியில் இல்லை. பேதி தொடங்கியதும், பொட்டலம் கைக்கு வரும்வரையும், கஞ்சி உதவும். நீரிழப்பின் அறிகுறி தென்பட்டால் பொட்டலமே வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது விலையின்றிக் கிடைக்கும். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் அங்கே கேட்டுப் பெறுங்கள்.

சிலருக்கு இந்தக் கஞ்சி பொருந்தாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். மேலும் எது தேவை என்பதை மருத்துவர் சொல்லட்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கஞ்சி இரத்தச் சர்க்கரையை விரைவில் உயர்த்தும். இதய நோயாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் உப்பும் நீரும் அளந்து விதிக்கப்பட்டவை; எங்களைக் கேளாமல் அவர்கள் இவற்றைப் பருக வேண்டாம்.

கண் குழிந்திருத்தல், அழுதும் கண்ணீர் வாராமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெல்லத் திரும்புதல், மலத்தில் இரத்தம், குடித்ததெல்லாம் வாந்தியாதல், எழுப்பினாலும் விழியாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்படுங்கள். மலம் அரிசி கழுவிய நீர்போல் வெளுத்துப் பீறிட்டால் அது காலராவாக இருக்கலாம். ஒரு மணி நேரமும் தாழ்க்கலாகாது. நள்ளிரவாயினும் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரையும், வழியிலும், விழுங்க முடிந்தால் கரண்டியால் ஊட்டிக்கொண்டே இருங்கள்.