பந்து ஒன்று, பேச்சு இரண்டு!

தூத்துக்குடிக்கு எதிர்க்கரை இலங்கை. நடுவே மன்னார் வளைகுடா. இந்தியாவும் இலங்கையும் கிரிக்கெட் ஆடினால், இரு கரையிலும் டெலிவிஷன் முன் கூட்டம் கூடிவிடும்.

நம் வீரர் பந்தை எல்லைக்கு அடிக்கிறார். “அபாரமான அடி!” என்கிறார் வர்ணனையாளர். எதிரணி வீரரும் அதேபோல் அடிக்கிறார். “பந்து வீச்சு மோசம்” என்கிறார்!

இந்தப் பாரபட்சம் எல்லா நாட்டிலும் உண்டு. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சொந்த நாட்டார். அவர்கள் மனம் குளிரப் பேசினால் நல்ல பெயர் கிடைக்கிறது.

அமிதாப்பின் குறை

பொதுவாகப் பேசினால் என்ன ஆகும்?

2016 மார்ச் 23. பெங்களூரில் 20 ஓவர் உலகக் கோப்பை ஆட்டம். வங்காள தேசத்தை இந்தியா ஒரே ஒரு ரன்னில் வென்றது. இந்திய வர்ணனையாளர் நம் வீரர்களைப் பற்றி அதிகம் பேசக்கூடாதா என்று இந்தி நடிகர் அமிதாப் பச்சன் குறைப்பட்டார். யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. கேப்டன் தோனி அதை ஆமோதித்தார்.

சில நாட்களில், ஐ.பி.எல். வர்ணனைக் குழுவில் பிரபல வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே இல்லை! காரணம் தமக்குச் சொல்லப்படவில்லை என்றார் அவர். மறு ஆண்டுதான் திரும்பி வந்தார்.

வானொலிக் காலம்

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தைச் சேர்ந்தவர் அப்துல் ஜப்பார். வானொலியில் தமிழில் கிரிக்கெட்டை வர்ணித்துப் புகழ் பெற்றவர். 2020-ல் காலமானார். வானொலியில் படம் கிடையாது. வர்ணனையாளர் சொல்வதுதான் ஆட்டம்.

டெலிவிஷனில் படம் இருக்கிறது. ஆனாலும், ஆட்டம் புரியாத பிள்ளைகள் காதில் விழுவதையே நம்புகிறார்கள்.

2010 ஜூலையில் இலங்கையின் காலி நகரில் டெஸ்ட் ஆட்டம். கண்டியில் பிறந்த தமிழர் முரளிதரன் தமது 800-வது விக்கெட்டை எடுத்தார். விழுந்தது இந்திய விக்கெட்தான். ஆனால், உலகில் வேறு யாரும் டெஸ்டில் 800 விக்கெட் எடுத்ததில்லை. அந்தச் சாதனையை மட்டம் தட்டினால், நம் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்?

இரு நாட்டு மீனவருக்கும் கடலில் தகராறு இருக்கிறது. விளையாட்டிலுமா பகை வளர வேண்டும்?

முத்துச் சல்லடை

தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். முத்துகளைத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பது வழக்கம். எந்தத் தோணியில் வந்த முத்து என்று சல்லடை பார்க்காது. முத்தின் அளவைத்தான் பார்க்கும்.

வர்ணனையாளரின் நாக்கும் அந்தச் சல்லடை போல இருக்க வேண்டும்!