பானைத் தண்ணீர் எங்கே குளிரும்? காட்டுப்பள்ளியும் வேலூரும்

மே மாதம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு பழைய சண்டை மறுபடி கிளம்பும். வேலூர் சித்தப்பா போனில், "இங்க நாப்பத்தொண்ணுடா, நீங்கல்லாம் கடல் காத்து வாங்குறவங்க" என்பார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் தம்பி, "ஒரு நாள் எங்க யார்டுல வந்து நில்லுங்க சித்தப்பா" என்பான். அங்கே அன்று 35 டிகிரிதான் இருக்கும்.

தமிழில் இதற்கு இரண்டு சொல் தனித்தனியாக இருக்கிறது: வேலூரில் வெக்கை, காட்டுப்பள்ளியில் புழுக்கம். தெர்மாமீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மண்பானைக்குத் தெரியும். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வறண்டிருந்தால் வேகமாக ஆவியாகும், தண்ணீர் ஜில்லென்று ஆகும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருப்பதால் பானை வெறுமனே நனைந்து கிடக்கும். நம் உடம்பும் ஒரு பானைதான். வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது. அந்த வியர்வை காய வேண்டும்.

ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறார்கள். வேலூரில் 41 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 25 வருகிறது. காட்டுப்பள்ளியில் 35 டிகிரி, 65 சதவீதம் என்றால் 29க்கு மேல். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். ஈரமான சூட்டில், லேசான வேலை செய்யும்போதே, சுமார் 31ஐத் தொட்டால் உடம்பால் தன் வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்க முடியவில்லை. (வறண்ட வெக்கையில் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். அதனால் சித்தப்பாவுக்கும் ஒரேயடியாக நிம்மதி இல்லை.) கன்டெய்னர்களுக்கு நடுவே நின்று லாஷிங் போடுவது லேசான வேலையும் இல்லை, அங்கே நிழலும் இல்லை.

செலவையும் பாருங்கள். சித்தப்பா வீட்டில் ஓடுவது ஏர் கூலர். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் பெட்டி அது. ஃபேனைவிடக் கொஞ்சம் கூடுதல் கரண்டோடு முடிந்துவிடும். அதையே இங்கே ஓடவிட்டால் அறைக்குள் ஈரம்தான் ஏறும். ஏசி போட்டால்தான் தூக்கம், அதுவும் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆக, தெர்மாமீட்டரில் 'குளிர்ந்த' ஊரில் இருப்பவருக்குத்தான் கரண்ட் பில் அதிகம்.

கடற்கரைக்கென்று ஒரு வரம் உண்டு: மதியம் கிளம்பும் கடற்காற்று. அது முன்கூட்டியே வந்துவிட்டால் வெயில் மேலே ஏறாது. ஆனால் அந்த வரத்தை வாங்கிக்கொள்ள சன்னலைத் திறக்க வேண்டுமே! 2001இல் திறந்த எண்ணூர் துறைமுகமே முதலில் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கக் கட்டியதுதான். அத்திப்பட்டு பக்கம் காற்றோடு தூசியும் வீட்டுக்குள் வருகிறது, சன்னல் மூடிக் கிடக்கிறது. இரண்டு தடவை குளிக்கலாம் என்றால், மீஞ்சூர் சுற்றுவட்டார நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் திறன் கொண்டது, அது சென்னை நகரத்துக்காகக் கட்டியது. வேலூருக்கும் பாலாறு வறண்டுதான் கிடக்கிறது, ராணிப்பேட்டை தோல் கழிவு பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆனாலும் அங்கே ராத்திரி சன்னலைத் திறந்து வைக்க முடிகிறது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தால் 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல விஷயம். ஆனால் வெப்ப அலை என்று சொல்ல, கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும் என்பது இந்திய வானிலைத் துறையின் அளவுகோல். காட்டுப்பள்ளியில் 35 டிகிரியில் வேலை செய்கிறவர் மயங்கி விழுந்தால் அன்றைக்கு வெப்ப அலையே இல்லை. வானிலை அறிக்கையில் 'அசௌகரியம் ஏற்படலாம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பார்த்து எந்த ஷிஃப்டும் மாறி நான் பார்த்ததில்லை.