பிறந்த மண்ணுக்காக ஒரு பந்தாட்டம்

பணம் பெரிதா, பிறந்த மண் பெரிதா? ஆஸ்திரேலியர்கள் இக்கேள்விக்குப் பந்தாட்ட மைதானத்திலே விடை கண்ட வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அந்நாட்டுக்கே உரிய கால்பந்தாட்டம் ஒன்று உண்டு. கோஷ்டிக்குப் பதினெட்டுப் பேர். முட்டை வடிவான பந்து. அதைக் கையாலும் பிடிக்கலாம். ஆஸ்திரேலியா தனித்தனிக் குடியேற்றங்களாகப் பிரிந்திருந்த 1879-ஆம் ஆண்டில் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் முதன்முதலாக மோதின. விக்டோரியா ஏழு கோல் போட்டது. எதிர்க் கோஷ்டிக்கு ஒன்றுகூடக் கிட்டவில்லை. 1901-இல் குடியேற்றங்கள் மாகாணங்களாகி ஒரே தேசமாக இணைந்த பின்னும் இப்போட்டி தணியவில்லை.

ஆனால் மெல்போர்ன் சங்கங்களிடம் பணம் மிகுதி. பிற மாகாணங்களின் சிறந்த வீரர்களை அவை இழுத்துக்கொண்டன. எந்த மாகாணத்தில் ஆடுகிறானோ அதற்கே அவன் பிரதிநிதி என்பது அந்நாள் விதி. ஆகவே பெர்த் நகரத்துப் பிள்ளை விக்டோரியாவின் சட்டையை அணிந்து, தன் தாயகத்தையே தோற்கடிக்க நேர்ந்தது!

1977 ஜூன் மாதம் பெர்த்தில் விக்டோரியா 63 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜயித்தது. மேற்கு ஆஸ்திரேலியர் புது விதி ஒன்றை வேண்டினர்: வீரன் தன் சொந்த மாகாணத்துக்கே ஆடட்டும்! அவ்வாறே அக்டோபர் 8-ஆம் தேதி, அதே மைதானத்தில் ஆடினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு 151, விக்டோரியாவுக்கு 57!

1989-இல் மெல்போர்னில் இத்தகைய ஆட்டமொன்றைக் காண 91,960 பேர் திரண்டனர். எனினும், 1999-க்குப் பின் முதல்தர வீரர்களைக் கொண்டு இவற்றை ஒழுங்காக நடத்தும் வழக்கம் நின்றுபோயிற்று. சம்பளம் கொடுக்கும் சங்கம் வென்றது. பிறந்த மண் காத்திருக்கிறது.